பூட்டின கதவுல அவன் பேரு

உக்காருங்க மாமா. அந்தச் சேர் வேண்டாமுங்க, ஒரு கால் ஆடும், இக்கட்ட வாங்க. மாமான்னு கூப்புடறனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, எங்க பக்கம் பெரியவிங்களை அப்படித்தான் கூப்புடறது. டீக்குச் சக்கரை போடலாமுங்களா? பப்ஸ் ஒண்ணு சாப்புடுங்க. சரவணம்பட்டில இத்தனை பேக்கரி இருந்தாலும் எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு இங்கதான் கெடப்போம். பயப்படாதீங்க, தரணீசன் வரமாட்டான். அவன் சாயந்திரம் டீ குடிக்கறதில்லையாமா. ஒடம்புக்கு ஆகாதாமா. இப்படி ஒவ்வொண்ணுலயும் அவனுக்குன்னு ஒரு வழி.

போன்ல என்ன சொன்னீங்க, 'புள்ளைக்கு ஒரு எடம் வந்திருக்குது, பையன் உங்க ஆபீஸ்தான், சித்தெ விசாரிக்கோணும்'னீங்க. நீங்க பேரைச் சொல்றதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியுமுங்க, அவனாத்தான் இருக்கும்னு. எங்க ஆபீஸ்ல கல்யாணம் ஆகாதவன் அவன் ஒருத்தன்தானா? என்ற ஜாதகமும் தரகருங்க பையில வருசக்கணக்கா சுத்திட்டுத்தான் இருக்குது. அதை விடுங்க. உங்க சோலிக்கு வருவோம்.

பொதுவா இந்த மாதிரி விசாரிக்க வந்தா எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவாங்க. 'தங்கமான பையனுங்க, கண்ணை மூடிட்டுக் குடுக்கலாம்.' எதுக்கு வம்பு, கல்யாணத்தைக் கெடுத்தவன்னு பேரு வரும்னுட்டு. நான் அப்படி இல்லீங்க. கோபில இருந்து மஞ்சக் காட்டை விட்டுட்டு பஸ் ஏறி வந்திருக்கீங்க. ஒத்தைப் புள்ளைங்கறீங்க. நான் பாட்டுக்குத் தங்கம், வைரம்னு சொல்லி அனுப்பிட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா நீங்க வந்து 'ஏப்பா குழந்தைவேலு, நீயாவது வாயைத் தெறந்திருக்கலாமே'ன்னு கேட்டா மூஞ்சியை எங்க கொண்டு வெக்கறது?

குடி இல்லீங்க. சிகரெட்டும் இல்லை. நான் பாத்ததில்லைங்கறேன், அவ்வளவுதான். பொம்பளைப் புள்ளைங்ககிட்ட மரியாதையாத்தான் பேசுவான். எல்லார்கிட்டயும் மரியாதையாத்தான் பேசுவான், வாட்ச்மேன்கிட்டக்கூட. அதுதான் எனக்குப் புடிக்கறதில்லை. எந்நேரமும் சிரிச்ச மூஞ்சியா ஒரு மனுசன் இருக்க முடியுங்களா? உள்ள ஒண்ணு ஓடும்ல? அவங்கம்மா ஒப்புட்டுச் சுட்டுக் குடுத்து விடுவாங்க. டப்பாவைத் தெறந்தா மொத்த ஆபீஸும் அவன் சீட்டைச் சுத்தி நிக்கும். நானும் ஒரு தடவை ஒரு டப்பா நெறைய முறுக்கு வாங்கிட்டுப் போய் வெச்சேன். சாயந்திரம் வரைக்கும் அப்படியே கெடந்துச்சுங்க. கடை முறுக்குத்தான், இருந்தாலும் முறுக்கு முறுக்குத்தான?

நான் அவனுக்கு முன்னால வந்தவன். வேலை கத்துக்குடுத்ததுன்னு சொல்ல மாட்டேன், அவன் தெரிஞ்சுட்டுத்தான் வந்தான். ஆனா கேன்டீன் எங்க இருக்குது, பாத்ரூம் எங்க இருக்குதுன்னு காட்டினது நான். இன்னைக்கு அவன் எங்க டீமுக்கு லீடு. நான் அவனுக்குக் கீழ. எங்க மேனேஜர் வைதேகி மேடம் வாயில காலைல இருந்து 'தரணி, தரணி'தான். என்னைக் குழந்தைவேல்னு முழுசா கூப்புடுவாங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன வருசம் மே மாசம் ஒண்ணு நடந்துச்சு. பால் திரிஞ்சு போச்சுங்க. சாக்கடைல ஊத்தினாங்க. அன்னைக்கு அதுல இருந்தது ஆரு பேருன்னு நெனைக்கறீங்க? தரணீசன் பேரு. ஆபீஸ்ல ஆரை வேணா கேளுங்க, நான் இட்டுக்கட்டிச் சொல்லலை.

உங்களுக்குப் புரியறாப்பல சொல்றனுங்க. நாங்க ஒரு பால் கம்பெனிக்கு வேலை செய்யறோம். ஊரூருக்கு சில்லிங் சென்டர் இருக்குதுல்லங்க, பாலைக் கொண்டு வந்து குளுர வெக்கற எடம். அங்க இருந்து டேங்கர் லாரி வந்து எடுத்துட்டுப் போகோணும். எந்த லாரி எந்த சென்டருக்குப் போறதுன்னு எங்க கம்ப்யூட்டர்தான் உத்தரவு போடும். கம்ப்யூட்டர்னா ஒண்ணு இல்லீங்க, அங்கொண்ணு இங்கொண்ணா நெறைய. ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு பாக்கோணும்ல, அதுக்கு. ஆனாக்க ரெண்டும் ஒரே நேரத்துல உத்தரவு போட்டா என்னாகும்? ஒரே சென்டர்ல ரெண்டு லாரி போய் மொறைச்சுட்டு நிக்கும். இன்னொரு சென்டர்ல பால் கெட்டுப்போகும். அதனால ஒரு ஏற்பாடு. லாக்குன்னு சொல்லுவோம். பூட்டு. பூட்டு ஆரு கையில இருக்குதோ அவன் மட்டும் உத்தரவு போடலாம். மத்ததெல்லாம் காத்திருக்கோணும்.

எப்படின்னா, கல்யாண மண்டபத்துல ஒரே ஒரு குளிக்கற ரூம் குடுத்திருக்காங்கன்னு வெச்சுக்குங்க. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, எல்லாரும் துண்டும் சோப்புமா நிக்கறாங்க. உள்ள ஒருத்தர் தாப்பாப் போட்டுட்டாரு. நீங்களா இருந்தா கதவைத் தட்டி 'ஆருங்க உள்ள'ன்னு கேப்பீங்க. கம்ப்யூட்டர்ல தட்டினா உள்ள இருக்கறது பேசாது. அதனால உள்ள போறப்பவே தன்னோட பேரைக் கதவுல எழுதிட்டுத்தான் போகோணும். வெளிய வந்தா பேரு தானா அழிஞ்சிரும். உள்ள மயக்கம் போட்டு விழுந்துட்டாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரத்துல கதவு தானாத் தெறந்துக்கும். ஆனா முழிச்சுட்டு உள்ளயே உக்காந்திருந்தா தெறக்காது. உக்காந்திருக்கறவன் 'இருக்கேன், இருக்கேன்'னு சத்தம் குடுத்துட்டே இருக்கற வரைக்கும் அது அவனுதுதான்.

புரிஞ்சுதுங்களா? நல்லாப் புரிஞ்சுக்கறீங்க. எங்க மாமனாட்டயே இருக்கீங்க.

அன்னைக்கு மத்தியானம் காங்கேயத்துப் பக்கத்து சென்டர்ல இருந்து போன் வருது. 'சார், லாரியே வரலை, தொட்டி நெறைஞ்சு போச்சு, பாலைக் கொண்டு வந்தவிங்க கேனை வெச்சுட்டு வெய்யில்ல நிக்கறாங்க'ன்னு. அடுத்தது தாராபுரத்துப் பக்கம். அடுத்தது இன்னொண்ணு. மேடம் சீட்டை விட்டு எந்திரிச்சு வந்துட்டாங்க. என்னடான்னு பாத்தா உத்தரவே போகலை. பூட்டு மாட்டிக் கெடக்குது. உள்ள ஒருத்தன் இருக்கான், வெளிய வரவும் இல்லை, உத்தரவு போடவும் இல்லை. கதவுல என்ன பேருன்னு பாத்தோம்.

தரணீசன்.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, பொய் சொல்ல மாட்டனுங்க, உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. அத்தனை வெய்யில்ல, ஏசியும் சரியா ஓடாத நாள்ல. ஆனா வெளிய காட்டிக்கலை. மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு, 'அடடா, தரணியா, அவன் இப்படிப் பண்ண மாட்டானே மேடம்'னேன். பெருந்தன்மையா இருக்கோணும்ல.

அன்னைக்கு அவன் லீவு. அவங்கம்மாவுக்குக் கண்ணுல பொரை ஆபரேசன், ஈரோட்டுல. மேடம் போன் போட்டாங்க. 'நான் எதையும் ஓட்டலைங்க மேடம், லேப்டாப் வீட்ல மூடிக் கெடக்குது'ன்னான். மேடம் என்னைப் பாத்தாங்க. நான் சொன்னேன், 'மூடிக் கெடக்குதுன்னு அவன் வாயாலதான சொல்றான். கதவுல எழுத்துல இருக்குதுங்களே. எழுத்தை நம்பறதா, வாயை நம்பறதா?' சொல்லுங்க, இதுல என்ன தப்பு? நீங்களா இருந்தா எதை நம்பியிருப்பீங்க?

அவன் பேர்ல எந்தெந்த மெஷின்ல என்னென்ன ஓடுதோ எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அணைச்சாங்க. கதவுல பேரு அப்படியே நிக்குது. கதவை உடைச்சிரலாமேன்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. உடைக்கலாமுங்க. ஆனா உள்ள இருக்கறவன் பாதி சோலில இருந்தான்னா? அவனும் ஒரு உத்தரவு போடுவான், புதுசா போனவனும் ஒண்ணு போடுவான், லாரியெல்லாம் தாறுமாறாப் போகும். உள்ள இருக்கறது ஆருன்னு தெரிஞ்சு அவனை எழுப்பி வெளிய கூட்டிட்டு வர்றதுதான் முறை. மேடம் அதுல கறாரு.

அப்பத்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். 'தரணிக்கு ஆபீஸ் சிஸ்டத்துக்குள்ள வர்றதுக்கு இருக்கற அனுமதியையே ரத்து பண்ணிருங்க மேடம். எங்கயோ ஒண்ணை ஒளிச்சு ஓட்டறான். வேரோட வெட்டினாத்தான் நிக்கும்.' மேடம் யோசிச்சாங்க. அந்தப் பக்கம் காங்கேயத்துக்காரர் போன்ல கத்தறாரு. சரின்னு வெட்டிட்டாங்க.

அப்பவும் பேரு போகலை.

மேடம் மறுபடி அவனுக்குப் போன் போட்டாங்க. அவன் போன்ல இருந்தே உள்ள வந்து பாக்கறேன்னு பாத்தா அவனால நுழைய முடியலை. அனுமதி இல்லையே. 'ஏனுங்க மேடம், என்னை வெளிய தள்ளிட்டீங்களா'ன்னு கேட்டான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க, எல்லாருக்கும் கேட்டுச்சு. மேடத்துக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா அவன் அதைப் புடிச்சுட்டுத் தொங்கலை. அதுவும் ஒரு சாமர்த்தியம்தான். 'சரி, நீங்க பாத்துச் சொல்லுங்க மேடம். மொதல்ல பேரைப் பாக்கறதை விடுங்க. பேரு ஆரு வேணா எழுதலாம். நான் போய் உங்க பேரை எழுதிட்டாலும் கதவு ஒண்ணும் கேக்காது. ஒவ்வொருத்தன் உள்ள வர்றப்பவும் சிஸ்டமே ஒரு நம்பர் குடுத்திருக்கும். அதை ஆரும் மாத்த முடியாது. கதவுக்குப் பின்னால அந்த நம்பர் இருக்கும், அதைப் படிங்க'ன்னான். படிச்சாங்க. 'இந்த நம்பர் எந்த மெஷின்ல இருந்து வந்து நுழைஞ்சிருக்குதுன்னு தேடுங்க'ன்னான். எப்படித் தேடறதுன்னு வரி வரியாச் சொன்னான். நடுவுல ஒரு நர்ஸ் 'அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போறோம், கூட ஆரு வர்றீங்க'ன்னு கேக்கற சத்தம். 'ஒரு நிமிசம் சிஸ்டர்'ங்கறான்.

இதை நீங்க நல்லா யோசிக்கோணும் மாமா. பெத்தவளை ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, இவன் காரிடார்ல நின்னு பால் லாரியைப் பத்திப் பேசிட்டு இருக்கான். நாளைக்கு உங்க புள்ளைக்கு ஒண்ணுன்னாலும் இதேதான?

மேடம் அட்ரஸைப் படிச்சாங்க. ஆபீஸ்ல ஒவ்வொரு சீட்டு மெஷினுக்கும் ஒரு அட்ரஸ் உண்டுங்க, கடைசில ஒரு நம்பர் மட்டும் மாறும். எந்த நம்பர் ஆரு சீட்டுன்னு தரணிக்கு மனப்பாடம். 'கடைசி நம்பரை இன்னொருக்கா படிங்க மேடம்'னான். மேடம் படிச்சாங்க. 'சரிங்க மேடம். ரெண்டு நிமிசத்துல சரியாயிரும்'னுட்டு வெச்சுட்டான்.

வெச்சதும் என்ற போன் அடிச்சுது.

ஆமாங்க, என்ற போன்தான். எனக்கு எதுக்குங்க போடறான்னு நானும் நெனைச்சேன். எடுத்தா, 'அண்ணா, உங்க சீட்டு மெஷின்ல கீழ ஒரு விண்டோ சுருட்டி வெச்சிருப்பீங்க. அதை மூடிருங்க. உள்ள கூப்புடறாங்க, நான் போகோணும்'னான். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்லை. போய்ப் பாத்தேன், கீழ ஒரு விண்டோ இருந்துச்சு. மூடினேன். அக்கட்ட மேடம் 'போயிருச்சு, பேரு போயிருச்சு'ங்கறாங்க. அடுத்த கம்ப்யூட்டர் உள்ள போயிருச்சு, லாரியெல்லாம் கெளம்பிருச்சு. காங்கேயத்துல மட்டும் ஒரு தொட்டி திரிஞ்சு போச்சு.

உள்ள இருந்தது ஆரோட புரோகிராம்னு கேக்கறீங்களா?

அது வந்துங்க... சீட்டு என்றதுதான். புரோகிராமும், ஓட்டினது ஆருன்னு பாத்தா, நான்தான். ஆனா பேரு அவன் பேருங்களே. அதைத்தான சொல்லிட்டு இருக்கேன். அவன் பேரு எப்படி என்ற புரோகிராம்ல வந்துச்சுன்னு கேளுங்க. அங்கதான் அவன் சூது இருக்குது.

அவன் இந்தப் பூட்டைப் பூட்டித் தெறக்கறதுக்கு ஒரு மாதிரி புரோகிராம் எழுதி வெச்சிருந்தானுங்க. புதுசா எழுதறவிங்க அதைப் பாத்து எழுதிக்கலாம்னு. மேடம் எல்லார்கிட்டயும் 'தரணியோட மாதிரியவே எடுத்துக்குங்க'ன்னாங்க. எனக்கு எதுக்குங்க அடுத்தவன் எழுதினது? நானே எழுதிக்கறேன்னேன், மீட்டிங்ல எல்லாரும் கேக்கற மாதிரி. எழுதவும் எழுதினேன். நல்லாத்தான் வந்துச்சு. பூட்டறதெல்லாம் பிரமாதமாப் பூட்டும். தெறக்கறப்பத்தான் சில சமயம் மக்கர் பண்ணும். சும்மா ஒரு பார்வைக்கு அவன் மாதிரியை எடுத்துப் பாத்தேன். பாத்தேன், கொஞ்சம் எடுத்துக்கிட்டேன். கொஞ்சம்னா... முழுசுதானுங்க. நல்லா எழுதியிருக்கான், அதுல நான் என்ன செய்ய முடியும்?

அவனுக்கு ஒரு பழக்கம், வரிக்கு வரி குறிப்பு எழுதுவான். 'இது எதுக்குன்னா', 'இதை மாத்தினா இப்படி ஆகும்'னு, பள்ளிக்கூடத்து வாத்தியாராட்ட. அந்தக் குறிப்பு இருந்தா பாக்கறவிங்களுக்கு இது தரணி எழுதினதுன்னு ஒரே பார்வைல தெரிஞ்சு போகும். அதனால குறிப்பு எல்லாத்தையும் ஒரே வழிப்பா வழிச்சு எடுத்துட்டேன். அதுல ஒரு எடத்துல 'கீழ இருக்கறது என் பேரு, இதை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுக்குங்க'ன்னு எழுதியிருந்தானாமா. எனக்கெப்படித் தெரியும்? குப்பையைப் படிச்சுப் பாத்துட்டா கொட்டுவாங்க? பேரு இருக்கற எடத்துல ஒரு புள்ளியை வெச்சிருக்கலாம், ஒரு கோட்டைப் போட்டிருக்கலாம். சொந்தப் பேரை எதுக்குங்க வெக்கறான்? எங்க பாத்தாலும் தன் பேரு தெரியோணும்னுதான?

பழகிப் பாக்கறதுக்குன்னு தனியா ஒரு கதவு இருக்குதுங்க. அதுல ஓட்டியிருக்கலாம்தான். அதுல ஓட்டி ஆருக்குக் காட்டறது? நெசக் கதவுல ஒரு தடவை ஓட்டிட்டா மேடத்துகிட்ட 'பாருங்க, நானா எழுதினது'ன்னு காட்டலாம்னு இருந்தேன். அவன் இல்லாத நாளாப் பாத்து ஓட்டினேன். ஓட்டிட்டு, மேடம் மீட்டிங்ல இருந்தாங்க, வரட்டும்னு சுருட்டி வெச்சேன். மறந்துட்டேன். மனுசன் மறக்க மாட்டானுங்களா?

சரி, இதுக்கு மேலதான் கேளுங்க. இதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறலை.

அடுத்த நாளு மேடம் எல்லாரையும் கூப்புட்டு உக்கார வெச்சாங்க. பால் கம்பெனிக்காரங்க பதில் கேக்கறாங்க, ஆரு, என்னன்னு. நான் தயாரா இருந்தேன். சத்தியமா மாமா, என்ன நடந்தாலும் வாங்கிக்கலாம்னுதான் போய் உக்காந்தேன். தரணி எந்திரிச்சான். 'என்ற தப்புங்க மேடம்'ங்கறான். 'மாதிரியில என்ற பேரை வெச்சது நான். அதை எடுத்து ஓட்டறவிங்க பேரை மாத்த மறந்தாக்க, உள்ள இருக்கறது ஆருன்னே தெரியாமப் போயிரும்னு நான் யோசிச்சிருக்கோணும். இனி பேரை ஆளு எழுத வேண்டாம், எந்த மெஷின், எந்த ஆளுன்னு கதவே கேட்டு எழுதிக்கற மாதிரி மாத்திக் குடுக்கறேன்'னான். 'ஓட்டினது ஆரு'ன்னு மேடம் கேட்டாங்க. 'அது முக்கியமில்லைங்க மேடம். இன்னைக்கு அவரு, நாளைக்கு நானாக்கூட இருக்கலாம்'னுட்டு உக்காந்துட்டான்.

பாத்தீங்களா? தப்பைக்கூட அவனே எடுத்துக்கிட்டானுங்க. என்ற தப்பு. நான் பண்ணினது. அதுலயும் அவன் பேரு.

அந்த வருசம் வேலைக்குப் போடற மார்க்கை அவனுக்குக் கொறைச்சுட்டாங்க, வாஸ்தவந்தான். பால் கம்பெனிக்குப் போன கடிதாசிலயும் அவன் பேருதான் போச்சு. ஆனா ஆபீஸ்ல என்ன பேச்சுங்கறீங்க? 'தரணி பாரு, தப்புன்னா தப்புன்னு எந்திரிச்சுச் சொன்னான்.' கேன்டீன்ல அதே பேச்சு. லிஃப்ட்ல அதே பேச்சு. நான் சாம்பாரை ஊத்திட்டுக் கேட்டுட்டு உக்காந்திருக்கேன். அப்பறம் சொன்ன மாதிரியே கதவையும் மாத்திக் குடுத்தான், நல்லா ஓடுச்சு, டீம் லீடும் ஆயிட்டான். நான் பண்ணின தப்பை வெச்சு அவன் மேல போயிட்டான். இதுக்கு என்ன பேருங்க? நீங்க பெரியவிங்க, நீங்களே சொல்லுங்க.

ஒரு நாளு என்ற சீட்டுக்கு வந்தான். பக்கத்துல ஆரும் இல்லை. 'அண்ணா, நீங்க அன்னைக்கு ஓட்டினதைப் பாத்தேன். தெறக்கற எடத்துல நீங்களா ஒண்ணு சேத்திருக்கீங்க, அது என்றதை விட நல்லா இருக்குது. உங்க பேரைப் போட்டு எல்லாருக்கும் குடுங்க'ன்னான். எனக்கு வந்த கோவம்! சேத்திருந்தேன், ரெண்டு வரி சேத்திருந்தேன்தான். அதை இவன் ஆருங்க எனக்குச் சொல்றதுக்கு? குடுக்கலை. இன்னைக்கு வரைக்கும் குடுக்கலை.

அதனால சொல்றேன் மாமா. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. மனசுக்குள்ள என்ன இருக்குதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டான். இப்படி அழுத்தமான ஆளுக்குப் புள்ளையைக் குடுத்துட்டு... ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா? நான் மனசுல பட்டதைச் சொன்னேன், வருத்தப்படாதீங்க. வேற எடம் வராமயா போயிரும்?

என்னது?

அவனே சொன்னானுங்களா? என்ன சொன்னான்? 'ஒரு தடவை என்ற தப்புனால பால் லாரி நின்னு போச்சுங்க மாமா. ஆபீஸ்ல விசாரிச்சா அந்தப் பேச்சு வரும், மறைச்சு வெச்சுப் பொண்ணு கேக்க மாட்டேன். குழந்தைவேலண்ணாகிட்டயே கேட்டுக்குங்க'ன்னானா? என்ற நம்பரைக் குடுத்ததும் அவன்தானா?

மாமான்னா கூப்புட்டான்?

நான் ஆபீஸ்ல மூத்தவன்னு தேடிட்டு வந்திருக்கீங்கன்னு நெனைச்சேன். சரி, அதை விடுங்க. அந்தத் தப்பு எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுட்டுப் போகத்தான் வந்தீங்களா? நான் ஓட்டினேன்னு அவன் சொல்லவே இல்லையா? கல்யாணம் நின்னு போகும்னா கூடவா? வாயில வரலையா?

ஒரு வருசம் ஆச்சுங்க மாமா. ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருப்பான்னு நெனைச்சேன். ஆபீஸ்ல ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துட்டு இருந்தேன், இவனுக்குத் தெரியுமோ, அவளுக்குத் தெரியுமோன்னு. ரெண்டு பேரு சேந்து சிரிச்சா என்னைத்தான்னு தோணும். சோறு எறங்காது. அவன் போட்டு ஒடைச்சிருந்தான்னா நானும் நாலு வார்த்தை பேசி, சண்டை போட்டு, அன்னைக்கே முடிஞ்சு போயிருக்கும். சொல்லாமயே வெச்சிருக்கான் பாருங்க. இத்தனை நாளா ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. கடைசில அதை முழுசாச் சொன்னது நானு, உங்ககிட்ட.

போன் ஆருக்குப் போடறீங்க? வீட்டம்மாவுக்கா. பேசுங்க, பேசுங்க. நான் டீக்குச் சொல்றேன்.

மாமா. மாமா, ஒரு நிமிசம். போனைச் சித்தெ தள்ளிப் புடிங்க. அவியகிட்ட என்ன சொல்றீங்க? 'கூட வேலை செய்யற குழந்தைவேல்னு ஒரு தம்பிதான் சொன்னாரு, அவரு சொன்னதைக் கேட்டு மனசு நெறைஞ்சு போச்சு, முடிச்சுரலாம்'னா? நான் எங்கங்க சொன்னேன்? ஒரு மணி நேரமா நான் சொன்னதென்ன, நீங்க எடுத்துட்டுப் போறதென்ன? முடிங்க, வேண்டாங்கலை. உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணுங்க, பத்திரிகை அடிங்க, வேண்டாம்னு சொல்றதுக்கு நான் ஆரு? ஆனா என்ற பேரை எதுக்குங்க அதுல சேக்கறீங்க? என்ற பேர்ல ஒரே ஒரு நல்லது நடக்குதுன்னா, அதுவும் அவனுக்குத்தான் நடக்கோணுமா?